மலேசியாவில் தாதிமைப் படிப்புக்குக் கொடை: எங்கே, எப்படி, எந்த மாதத்தில்

"சங்கத்தில் பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது, தாதிமை படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம்." இப்படிச் சொல்கிறவர்கள் உடனே தேடத் தொடங்குவது ஒரு பிள்ளையை. அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது மாதத்தை. பணம் எந்த மாதத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தாதிமை டிப்ளோமா மூன்று ஆண்டுப் படிப்பு. அதில் செலவு சீராக வருவதில்லை. பதிவு நாளன்று ஒரு பெரிய தொகை கேட்பார்கள். வகுப்பறையை விட்டு வார்டுக்குப் போகும் காலத்தில் போக்குவரத்தும் சாப்பாடும் திடீரென்று ஏறும். படிப்பு முடிந்த பிறகும், தாதியர் வாரியத் தேர்வு முடிவும் தாதியாகப் பதிவும் வரும்வரை சம்பளமில்லாத சில மாதங்கள் உண்டு. கொடைகளோ பெரும்பாலும் முதல் நாளுக்கே போகின்றன. மேடை, பெரிய அட்டைக் காசோலை, பத்திரிகைப் படம் எல்லாம் அன்றைக்குத்தான். இரண்டாம் ஆண்டில் சத்தமில்லாமல் நின்றுவிடும் பிள்ளைக்கு மேடையும் இல்லை, படமும் இல்லை.

முதலில், கட்டணமே இல்லாத கதவு

தனியார் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் திரட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: இந்தப் பிள்ளை சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகத்துக்கு விண்ணப்பித்ததா? அங்கே படிப்புக் கட்டணம் இல்லை, படிக்கும்போது உதவித்தொகையும் கிடைக்கும். விண்ணப்பம் பொதுச் சேவை ஆணையத்தின் வழி இணையத்தில் போகிறது. பினாங்கிலேயே அப்படி ஒரு கழகம் இருக்கிறது. போட்டி கடுமை, இடம் குறைவு. ஆனாலும் விண்ணப்பிக்காமலே தனியார் கல்லூரியில் சேர்ந்து கடனாளியாகும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய. காரணம், விண்ணப்பம் திறந்த சேதி வீட்டுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிய பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் உட்கார வைத்து, கணினியில் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதற்கு ஆகும் செலவு தேநீரும் பலகாரமும்தான். பத்தாயிரம் வெள்ளிக் கொடையைவிட இது அதிகம் சாதிக்கலாம்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்தவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டுப் பட்டம் இருக்கிறது. கோலாலம்பூர்வாசிகளுக்கு மலாயாப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே. கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு என்பதால் அங்கே கொடை தங்குமிடத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் போக வேண்டும்.

இவை இரண்டும் கைகூடாதவர்களுக்குத்தான் தனியார், மருத்துவமனைசார் கல்லூரிகள். பினாங்கில் அட்வென்டிஸ்ட், லாம் வா ஈ, கோலாலம்பூரில் துங் ஷின் போன்றவை லாப நோக்கமற்ற மருத்துவமனைகளோடு இணைந்து வளர்ந்தவை. இத்தகைய இடங்களில் ஏழை மாணவர்களுக்கான நிதி இருக்கிறதா என்று நிதிப் பிரிவில் நேரடியாகக் கேட்கலாம். இருந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும்.

படிப்பு செல்லுபடியாகுமா என்று பார்ப்பது

இது கொடையாளரின் கடமை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் தோட்டத்திலிருந்து வந்த பெற்றோருக்கும் இது தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இரண்டு அங்கீகாரம் வேண்டும். ஒன்று, மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரும், அந்தக் கல்லூரியும், அந்த வளாகமும் இருக்க வேண்டும். வளாகம் முக்கியம்; தலைமைக் கல்லூரிக்குக் கிடைத்த அங்கீகாரம் கிளைக்கும் சேரும் என்று கொள்ள முடியாது. இரண்டாவது, மலேசியத் தாதியர் வாரியத்தின் ஒப்புதல். 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின் கீழ் பதிவு செய்பவர்கள் அவர்கள்தான். வாரியம் ஏற்காத படிப்பை முடித்தவர் வாரியத் தேர்வு எழுத முடியாது. தேர்வு இல்லாமல் பதிவு இல்லை. பதிவு இல்லாமல் தாதி என்ற வேலை இல்லை. 'சுகாதாரப் பராமரிப்பு', 'நோயாளர் கவனிப்பு' என்ற பெயர்களில் நடக்கும் குறுகிய படிப்புகளைத் தாதிமை என்று நினைத்துச் சேருபவர்கள் உண்டு. அவை வேறு வேலைக்கானவை.

நுழைவுத் தகுதியையும் அந்தச் சேர்க்கைக்குரிய அறிவிப்பிலிருந்தே பாருங்கள். மலாய் மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகியவற்றில் 'கிரெடிட்' எனும் நல்ல தேர்ச்சியும் ஆங்கிலத்தில் சாதாரணத் தேர்ச்சியும் அடிப்படையாகக் கேட்கப்படுபவை. மொத்தம் எத்தனை கிரெடிட் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அக்காள் சேர்ந்தபோது இருந்த விதி தங்கைக்கு இருக்காது.

உண்மையான செலவைக் கணக்கிடுவது

கல்லூரி விளம்பரத்தில் இருக்கும் தொகை முழுத்தொகை அல்ல. நிதிப் பிரிவிடம் மூன்று ஆண்டுக்குமான கட்டண அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள்: எந்த செமஸ்டரில் எவ்வளவு, பதிவுக் கட்டணம், தங்குமிட முன்பணம், ஆய்வுக்கூடக் கட்டணம், தேர்வுக் கட்டணம், திரும்பக் கிடைப்பது எது, கிடைக்காதது எது. பிறகு கல்லூரி சொல்லாத செலவுகளைக் கீழே சேருங்கள்.

முதலில் உடல்நலப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, தடுப்பூசி. 1989 முதல் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி ஊசி தேசியத் திட்டத்திலேயே உண்டு. அதனால் இன்றைய மாணவர்களில் பெரும்பாலோர் குழந்தையாக இருக்கும்போதே போட்டிருப்பார்கள். ஆனால் எதிர்ப்பாற்றல் இன்னும் இருக்கிறதா என்று இரத்தம் பார்த்து, குறைந்திருந்தால் மறுபடி போடச் சொல்வார்கள். குழந்தைப் பருவ ஊசி அட்டையைத் தேடி எடுத்து வைத்தால் கொஞ்சம் மிச்சம்.

அடுத்தது சீருடை, வெள்ளைக் காலணி, ஸ்டெதஸ்கோப், சிறு டார்ச், வினாடி முள் உள்ள கடிகாரம். கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். தொற்றுத் தடுப்புக்காக வார்டில் முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது என்பது வழக்கம். சட்டையில் குத்திக்கொள்ளும் கடிகாரம்தான் வேண்டும். காலணி, சீருடை இரண்டும் எந்த மாதிரி என்று கல்லூரி சொன்ன பிறகே வாங்க வேண்டும். சங்கங்கள் மொத்தமாக வாங்கிக் கொடுத்த சீருடைகள் அலமாரியில் தூங்குவது இதனால்தான்.

பிறகு வார்டுப் பயிற்சிக் காலம். காலை ஷிப்டு 7 மணி அளவில் தொடங்கும், மாலை ஷிப்டு இரவு 9 மணி அளவில் முடியும், இரவு ஷிப்டு அதிலிருந்து விடியும்வரை. கோலாலம்பூரில் 50 வெள்ளிக்கு 30 நாள் ரயிலும் பேருந்தும் ஏறலாம் என்ற மை50 அட்டை இருக்கிறது. பகல் பயணத்துக்கு அது போதும். விடிகாலையும் இரவும் கிராப் வாடகைக் கார்தான். பினாங்கின் நிலப்பகுதியான செபராங் பிறையில் வீடு, பினாங்குத் தீவில் மருத்துவமனை என்றால் கேட்கவே வேண்டாம். ஷிப்டு நாள்களை எண்ணி, ஒரு பயணத்துக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். நிறைய வீடுகளில் படிப்பை நிறுத்துவது கட்டணம் அல்ல, இந்தத் தொகைதான். வருகைப் பதிவு குறைந்தால் அந்தப் பயிற்சியைத் திரும்பச் செய்ய வேண்டும், செமஸ்டர் நீளும், கட்டணமும் கூடும். பேருந்துக் காசில் தொடங்கிய பிரச்சினை அங்கே போய் முடியும்.

பி.டி.பி.டி.என். இடைவெளி

தனியார் கல்லூரியில் சேரும் பெரும்பாலோர் பி.டி.பி.டி.என். எனும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடன் கேட்பார்கள். ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். நல்ல உதவிதான். ஆனால் கடன் தனியார் கல்லூரியின் முழுக் கட்டணத்தையும் மூடிவிடும் என்று கணக்குப் போட வேண்டாம். இரண்டாவது சிக்கல் நேரம். விண்ணப்பிப்பதற்கு மாணவர் பெயரில் அந்தக் கழகத்தின் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும், கல்லூரியில் பதிவாகியிருக்க வேண்டும், ஒப்பந்தத் தாள்கள் போக வேண்டும், பணம் அதன் பிறகு. கல்லூரியோ பதிவு நாளன்றே கேட்கிறது. இந்த இடைவெளியில்தான் வட்டிக்காரரிடம் போகிறார்கள்.

சிறு சங்கத்துக்கு ஏற்ற கொடை இதுதான் என்பது எங்கள் கருத்து. ஒரு சுழல் நிதி. பதிவுக் கட்டணத்தையும் முதல் தவணையையும் நிதி கல்லூரிக்குக் கட்டிவிடும்; கடன் வந்ததும் மாணவர் திருப்பிக் கொடுப்பார்; அதே பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். வட்டி வேண்டாம். ஒரு பக்கக் கடிதம் போதும்: தொகை, தேதி, திருப்பும் தவணை, மாணவர், பெற்றோர், சங்கச் செயலாளர் கையெழுத்து. வராமல் போகும் தொகையும் இருக்கும் என்று முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். அதற்காக ஒரு பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நிற்பதாக இருந்தால் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

இன்னொன்று கவனிக்க வேண்டும். தேர்வு மதிப்பெண் சராசரி 2.0க்குக் கீழே போனால் கடன் தவணை நிற்கும். முதலாண்டில் உடற்கூறியலிலும் உடலியங்கியலிலும் தடுக்கி விழும் பிள்ளைகள் அதிகம், அதுவும் ஆங்கிலத்தில் முதன்முறையாகப் படிப்பவர்கள். அந்த நேரத்தில் பணத்தைவிடப் பயன்படுவது வாரம் இரண்டு மணி நேரம் பாடம் சொல்லித் தரும் ஒரு மூத்த தாதி. ஓய்வு பெற்ற தாதியர் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள்; கேட்டால் வருவார்கள். அவர்களுக்குப் பெட்ரோல் காசு கொடுப்பதும் கொடைதான்.

முழுக் கட்டணத்தையும் வேறொருவர் ஏற்றுக்கொண்டால் பி.டி.பி.டி.என். கிடைக்காது. ஆகவே உங்கள் உதவியின் தொகையையும் பெயரையும் முடிவு செய்யுமுன் மாணவரை அந்த அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

பணம் போகும் வழியைத் தேர்வது

வரிவிலக்கு வேண்டுமா, வேண்டாமா என்பதில் இது பிரிகிறது.

வேண்டும் என்றால், 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியம் ஒப்புதல் கொடுத்த அமைப்புக்குத்தான் கொடுக்க வேண்டும். வாரியத்தின் இணையத்தளத்தில் பெயரை இட்டுத் தேடலாம். 'நாங்கள் பதிவு பெற்ற சங்கம்' என்பது வேறு, 'வரிவிலக்கு ஒப்புதல் பெற்றவர்கள்' என்பது வேறு. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தில் பதிவான கோயிலும் மன்றமும் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஒப்புதல் தனியே விண்ணப்பித்துப் பெறுவது. ரசீதில் ஒப்புதல் எண் அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

தனிநபருக்கு உச்சவரம்பு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு (2020 மதிப்பீட்டு ஆண்டுக்கு முன் 7 ஆக இருந்தது). ஓர் எடுத்துக்காட்டு: மொத்த வருமானம் 80,000 வெள்ளி என்றால் 8,000 வரை கழிக்கலாம். கழிவுகள் எல்லாம் போக வரிக்குரிய வருமானம் 60,000 என்று நிற்கும்போது 3,000 வெள்ளி கொடை காட்டினால், அந்த வருமானப் படியின் வரி விகிதம் 11 விழுக்காடு என்பதால் மிச்சமாவது 330 வெள்ளி. மூவாயிரமும் திரும்பி வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், வராது. வரம்புக்கு மேல் கொடுத்ததை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. ஆகவே பெரிய தொகை என்றால் டிசம்பரில் பாதி, ஜனவரியில் பாதி என்று இரண்டு ஆண்டாகப் பிரியுங்கள். ரசீதை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

மாணவர் கையில் கொடுத்த பணத்துக்கும், மாணவர் பெயரில் கல்லூரிக்குக் கட்டிய கட்டணத்துக்கும் இந்தக் கழிவு இல்லை. தங்கை மகள் கட்டணத்தைக் கட்டிவிட்டு ரசீதைக் கொடைப் பகுதியில் போட்டால் தணிக்கையில் அகப்படுவீர்கள். முஸ்லிம் வாசகர்களுக்கு ஒரு சொல்: முறைப்படி செலுத்திய ஸக்காத் வருமானத்திலிருந்து அல்ல, வரியிலிருந்தே நேராகக் கழியும். தகுதியுள்ள மாணவரை மாநில ஸக்காத் அலுவலகத்துக்கு அனுப்பி வைப்பதும் ஓர் உதவியே.

வரிவிலக்கு தேவையில்லை என்றால் வழி எளிது: நேராகக் கல்லூரியின் வங்கிக் கணக்குக்கு, மாணவரின் பெயரையும் பதிவெண்ணையும் குறிப்பிட்டு. யாருடைய சொந்தக் கணக்குக்கும் வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். வாட்ஸ்அப்பில் வரும் 'அவசர உதவி' செய்தியில் கணக்கு எண் இருந்தால் முதலில் மோசடிக் கணக்குகளைக் காட்டும் காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் இட்டுப் பாருங்கள். பிறகு கல்லூரிக்கு நீங்களே தொலைபேசியில் அழைத்து அப்படி ஒரு மாணவர் இருக்கிறாரா என்று கேளுங்கள், செய்தியில் கொடுத்த எண்ணில் அல்ல. ஏமாந்து அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண் 997ஐ அழையுங்கள்.

பத்துப் பேர் சேர்ந்து மாதம் 50 வெள்ளி போட்டால் ஆண்டுக்கு 6,000, மூன்று ஆண்டில் 18,000. ஒரு பிள்ளையின் போக்குவரத்து, புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் தாங்க நல்ல தொகை. ஆனால் இது ஒருவர் கணக்கில் சேரக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் பதிவு பெற்ற சங்கத்தில் தனித் துணைக் கணக்கு, இரண்டு கையெழுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பக்க வரவு செலவு. புதிய சங்கம் தொடங்க ஏழு பேர் போதும்தான், அதற்காகத் தொடங்க வேண்டாம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் நடத்தும் குழுக்களுக்கு இந்தக் கணக்குப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. அவர்களைப் பிடிப்பது சுலபம். தெருவில் உண்டியல் ஏந்தவோ வீடு வீடாகப் போகவோ திட்டம் இருந்தால் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காவல் துறை உரிமம் வேண்டும்.

பினாங்கில் உள்ளவர்கள் மாநில இந்து அறப்பணி வாரியத்தின் கல்வி உதவியை மறந்துவிடக் கூடாது. அங்கே கிடைப்பதை மாணவர் முதலில் வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் மீதியைப் பாருங்கள்.

மாணவரைத் தேர்வது

மூன்று பேர் கொண்ட குழு போதும். அதில் ஒருவர் தாதியாக இருக்கட்டும். சங்கத் தலைவரின் உறவினர் விண்ணப்பித்தால் தலைவர் அந்த நாள் எழுந்து வெளியே போகட்டும். கேட்க வேண்டிய தாள்கள்: அடையாள அட்டை நகல், எஸ்.பி.எம். சான்றிதழ், கல்லூரியின் சேர்க்கைக் கடிதம், கட்டண அட்டவணை, வீட்டு வருமானச் சான்று. அப்பா கிராப் ஓட்டுகிறார், அம்மா வீட்டில் பலகாரம் செய்து விற்கிறார் என்றால் சம்பளச் சீட்டு இருக்காது. சத்தியப் பிரமாண ஆணையர் முன் எழுதிய வருமான உறுதிமொழியும், அரசின் ரஹ்மா ரொக்க உதவி பெறுகிறார்கள் என்பதற்கான அத்தாட்சியும் போதுமானவை. அதற்கு மேல் தோண்ட வேண்டாம்.

நேர்காணலில் 'ஏன் தாதியாக ஆசை?' என்று கேட்டால் எல்லோரும் சேவை என்பார்கள். 'இரவு ஷிப்டுக்கு எப்படிப் போவீர்கள், வீட்டில் யார் ஒத்துக்கொண்டார்கள்?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் நிராகரிக்க வேண்டாம்; அங்கேதான் உதவி தேவை. மருத்துவமனையைப் பார்க்காமலே சேருகிறவர்களும் உண்டு. முடிந்தால் தெரிந்த தாதி ஒருவரோடு அரைமணி நேரம் பேச வைத்து அனுப்புங்கள். உடம்பு கழுவிவிடுவதும் படுக்கை விரிப்பு மாற்றுவதும் முதல் நாள் வேலை என்று தெரிந்து வருபவர் நிற்பார்.

தேர்வானவரின் மதிப்பெண்ணையும் வீட்டு வருமானத்தையும் முகநூலில் போடாதீர்கள்.

எப்படிப் பிரித்துக் கட்டுவது

ஒரு பிள்ளைக்கு 9,000 வெள்ளி ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். எங்கள் கையில் இருந்தால் பதிவு நாளுக்கு 2,000க்கு மேல் போகவிட மாட்டோம். வார்டுப் பயிற்சி நடக்கும் மாதங்களுக்கு 200 வீதம் இருபது மாதம், 4,000. எதிர்பாராததற்கு 1,000, திரும்ப எழுதும் தேர்வு, உடைந்த கைப்பேசி, வீட்டில் ஒரு மரணம். மீதி 2,000ஐத் தொடவே கூடாது. அது கடைசி செமஸ்டருக்கும் வாரியத் தேர்வுக்கும், தேர்வு எழுதிய பின் பதிவு வரும்வரை வாடகைக்கும். அந்த மாதங்களில் மாணவர் தங்குமிடத்தை விட்டு வெளியேற வேண்டியிருக்கும், வேலையும் தொடங்கியிருக்காது, கல்லூரி உதவி நிதிகளும் அவரை இனி மாணவராகக் கணக்கில் எடுக்காது.

கட்டணம் கல்லூரிக்கு நேராக, மாதப்படி மாணவர் கணக்குக்கு. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் மதிப்பெண் தாளைக் கேளுங்கள். தவறினால் உடனே நிறுத்துவது என்ற விதி வைப்பதானால், ஒரு செமஸ்டர் மன்னிப்பும் சேர்த்து வையுங்கள்.

மருத்துவமனை ஒப்பந்தம் இருந்தால்

தனியார் மருத்துவமனைகள் கட்டணத்தை ஏற்றுக்கொண்டு, படிப்புக்குப் பின் சில ஆண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் போடுவதுண்டு. கெட்ட விஷயம் அல்ல, வேலை நிச்சயம். கையெழுத்துக்கு முன் நான்கு வரிகளைத் தேடிப் படியுங்கள்: எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு, தேர்வில் தவறினால் யார் கட்டுவது, ஒப்பந்தக் காலம் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தா அல்லது பதிவு பெற்ற நாளிலிருந்தா. பிணையாளர் கேட்பார்கள். நிலையான சம்பளமுள்ள பிணையாளர் கிடைக்காமல் இடத்தை இழக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. சங்க உறுப்பினர் பிணை நிற்பது பண உதவியைவிடப் பெரியது, ஆபத்தும் பெரியது. விலகினால் வரும் தொகையைத் தன்னால் கட்ட முடியும் என்பவர் மட்டுமே கையெழுத்திடட்டும். இப்படி ஒப்பந்தம் உள்ள மாணவருக்கு உங்கள் பணம் கட்டணமாகத் தேவையில்லை. பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகட்டும்.

ஏற்கெனவே தாதியாக இருப்பவர்களுக்கு

இதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. பதிவு பெற்ற தாதி தீவிர சிகிச்சை, சிறுநீரகம், அறுவைக்கூடம், மகப்பேறு போன்றவற்றில் மேற்பயிற்சி பெற ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். வேலையிடம் சம்பளத்தோடு அனுப்பினால் சரி. அனுப்பாவிட்டால் சம்பளமில்லா விடுப்பு எடுத்துப் படிக்க வேண்டும். குழந்தையும் வீட்டுக் கடனும் உள்ளவரால் அது முடியாது. இங்கே கொடுக்கும் 5,000 வெள்ளி பெரும்பாலும் வீணாகாது. படித்து முடிப்பாரா என்ற கேள்வி இல்லை, பதிவு ஏற்கெனவே இருக்கிறது, வீட்டுச் செலவின் ஒரு பங்கை ஆறு மாதம் தாங்கினால் போதும். விண்ணப்பத்தோடு தாதியர் வாரியத்தின் நடப்பாண்டுப் பணிச் சான்றிதழின் நகலையும் விடுப்புக்கு மருத்துவமனை ஒப்புக்கொண்ட கடிதத்தையும் கேளுங்கள். விடுப்புக் கடிதம் இல்லாமல் பணத்தை விடுவிக்க வேண்டாம். பயிற்சி இடம் கிடைத்தும் வார்டில் ஆள் இல்லை என்று விடுப்பு மறுக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது.